ஐந்து நட்சத்திரம்

"இத இப்பவே தூக்கு" என்று தேவதாசன் போனை மருமகளின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

விஜிலா குனிந்து பார்த்தாள். கூகுளில் அவர்களுடைய வேலைவாய்ப்பு ஏஜென்சியின் பெயர். அதன் கீழே ஒரு புதிய ரிவ்யூ. ஒரே ஒரு நட்சத்திரம். எழுதியவர் சுடலைச்செல்வி.

'தகுதி மட்டும் போதும் என்று வெப்சைட்டில் போட்டிருக்கிறார்கள். நேரில் போனால் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.'

"நம்மளால தூக்க முடியாது மாமா. எழுதுனவங்கதான் அழிக்கணும்."

"அப்ப நீ படிச்ச படிப்பு எதுக்குளா?"

அவள் கணவன் ஷாம் மீனிலிருந்து முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கன்டெய்னர் கிடங்குகளுக்கும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்டுகளுக்கும் தேவதாசன் ஆள் அனுப்பினார். முன்பெல்லாம் ஆட்கள் அவர்களுடைய திருச்சபை வழியாக வந்தார்கள். விஜிலா மருமகளாக வந்த பிறகு கூகுள் வழியாக வந்தார்கள். வேலை தேடுகிறவர்கள் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் அவள் தனிப் பக்கம் எழுதினாள். தேடலில் நாலாம் பக்கத்தில் கிடந்த ஏஜென்சியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர அவளுக்கு ஒரு வருடம் ஆனது. சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வீட்டு வேலையில் சேர்ந்துவிட்டது.

சுடலைச்செல்வி அந்தப் பக்கங்களில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் வந்தாள். தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். பி.காம். படித்து, ஷிப்பிங் கம்பெனி ஒன்றில் சரக்கு ஆவணங்களைத் தயாரிக்கும் டாக்குமென்டேஷன் வேலை பார்த்தவள். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. ஆறுமுகநயினார் என்ற கிளியரிங் ஏஜென்ட் அதே வேலைக்குத்தான் ஆள் கேட்டிருந்தார். தேவதாசன் சான்றிதழ்களைப் புரட்டினார். பாராட்டினார். கடைசியில் கேட்டார்.

"ஊர்ல எந்தத் தெரும்மா?"

அவள் சொன்னாள். அந்தப் பக்கத்து ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி.

"போன் பண்ணுதோம்மா" என்றார் தேவதாசன். பண்ணவில்லை.

விஜிலா தட்டை நகர்த்தி வைத்தாள். "வேலை இன்னும் காலியாத்தான மாமா இருக்கு. அந்தப் பிள்ளைய இன்டர்வியூக்கு அனுப்புங்க. அதுவே ரிவ்யூவ எடுத்திரும்."

"நானா வேண்டாங்கேன்? நயினார் அண்ணாச்சி மொதல்லயே சொல்லிட்டாரு, அந்தத் தெரு ஆளு மட்டும் வேண்டாம்னு. இன்டர்வியூல வச்சு அவரு அதக் கேக்க முடியுமா? அசிங்கம். அதுக்குத்தான நம்மள வச்சிருக்காவ."

"நமக்கு அசிங்கம் இல்லையா?"

"ஏலே ஷாம், ஒம் பொண்டாட்டிட்ட சொல்லுலே."

"சாப்புடுத நேரத்துல எதுக்கு விஜி" என்றான் ஷாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவதாசன் கோயில் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பிடித்தார். அஞ்சு ஸ்டார் போடுங்க, நம்ம ஏஜென்சியப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுதுங்க என்றார். யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனதார எழுதினார்கள்.

சாயங்காலம் விஜிலா அவற்றை உரக்கப் படித்தாள்.

'தேவதாசன் அண்ணாச்சி தங்கமான மனுஷன். கண்ட தெருவிலிருந்தும் ஆள் அனுப்ப மாட்டார். எமில்டா டீச்சர்.' ஐந்து நட்சத்திரம்.

'குடும்பம், தெரு எல்லாம் விசாரித்துத்தான் அனுப்புவார். கடையை நம்பி விட்டுவிட்டுப் போகலாம்.' ஐந்து நட்சத்திரம்.

'இத்தனை வருஷமாக நம்ம ஆட்களுக்கு மட்டும் வேலை வாங்கிக் கொடுக்கும் ஊழியம். கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.' ஐந்து நட்சத்திரம்.

முதலில் மலர்ந்த தேவதாசனின் முகம் மெல்லச் சுருங்கியது. "இதெல்லாமா எழுதுவாவ?" என்று எமில்டா டீச்சரைப் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தத் தெரு விஷயத்த மட்டும் எடுத்திருங்களேன்."

"ஏன் அண்ணாச்சி? உள்ளதத்தான எழுதுனேன். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னையப் பொய்ச்சாட்சி எழுதச் சொல்லுதீயளா?"

அவர் போனை வைத்தார்.

"அந்தப் பிள்ளை ஒத்த ஸ்டார் போட்டுச் சொன்னதத்தான் மாமா, இவங்க அஞ்சு ஸ்டார் போட்டுச் சொல்லுதாங்க" என்றாள் விஜிலா.

"வாய மூடுளா."

ஏஜென்சியின் பெயர் கெட்டுப்போகும் என்று தேவதாசன் பயந்தது நடக்கவில்லை. இத்தனை ரிவ்யூ ஒன்றாக வந்து விழுந்ததில் ஏஜென்சி அந்த வாரமே தேடலில் முதலிடத்துக்குப் போனது. விஜிலா ஒரு வருடம் எழுதியும் எட்டாத இடம். போன் ஓயவில்லை. கூப்பிட்டவர்கள் வேலை தேடுகிறவர்கள் அல்ல, வேலை கொடுக்கிறவர்கள். கிடங்குக்காரர், உப்பளக்காரர், ஜவுளிக்கடைக்காரர்.

"நீங்க தெரு விசாரிச்சு அனுப்புவீங்களாமே?"

"பாத்தியா" என்றார் தேவதாசன் மருமகளிடம். "நீ எழுதுனதுக்கு என்னைக்காவது இப்படிப் போன் வந்திருக்கா?"

வந்ததில்லை. விஜிலா உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிறகு சுடலைச்செல்வியின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, ஏஜென்சியின் மெயிலிலிருந்து ஆறுமுகநயினாருக்கு அனுப்பினாள். அவளுக்கும் போன் செய்தாள்.

"நாளைக்கு வர முடியுமா?"

"எதுக்குக்கா? மறுபடியும் தெருவக் கேக்கவா?"

"கேப்பாங்கதான். ஆனா இந்தத் தடவ, கேக்க நெனைக்கவரு அவரு வாயாலயே கேக்கட்டும்."

"வாரேன்க்கா."

மறுநாள் காலை தேவதாசன் குளித்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது சுடலைச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் விஜிலா ஆபீஸ் போனில் ஆறுமுகநயினாரை அழைத்துவிட்டாள்.

"மெயில் பாத்தேன்மா" என்றார் அவர். "நல்லா வேலை தெரிஞ்ச பிள்ளையாத் தெரியுது. மாமா எல்லாம் விசாரிச்சிட்டாருல்ல? எந்தத் தெருன்னாரு?"

விஜிலா ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசையில் சுடலைச்செல்வியின் முன்னால் வைத்தாள்.

"இங்கனதான் இருக்காங்க அண்ணாச்சி. நீங்களே கேளுங்க."

"வணக்கம் சார். கேளுங்க" என்றாள் சுடலைச்செல்வி.

எதிர்முனையில் ஒரு லாரி ஹார்ன் அடித்து ஓய்ந்தது. ஆறுமுகநயினார் இருமினார்.

"ஷிப்பிங் பில்லு போடத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். அதுதான் பாத்தேன்."

"சரி."

"வேற ஏதோ கேக்க இருந்தீங்களாமே சார்."

தேவதாசன் சுவரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. மாமாட்ட நான் அப்புறம் பேசுதேன்" என்று ஆறுமுகநயினார் இணைப்பைத் துண்டித்தார்.

"பழைய கஸ்டமருளா" என்றார் தேவதாசன். "போன இங்கன கொடு."

விஜிலா கொடுக்கவில்லை. அதே எண்ணை மறுபடியும் அழுத்தி, போனைப் பழைய இடத்திலேயே வைத்தாள். சுடலைச்செல்வி நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.