மாத்திரை இல்லாத காலை

முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவரை எல்லோரும் எடைக்காரர் என்றுதான் அழைப்பார்கள். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அந்த விரல்களைத்தான் பார்கின்சன் என்கிற நடுக்க நோய் வந்து ஆட்டிவைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மாத்திரையை விழுங்கினார்.

அன்று சோதனை நாள். பத்து மாதத்துக்கு முன் அவர் மண்டையில் இரண்டு துளை போட்டு, மாத்திரை தரும் சத்தை மூளையே சுரந்துகொள்ள, ஆய்வகத்தில் வளர்த்த செல்களை உள்ளே வைத்திருந்தார்கள். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் சிகிச்சை. செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, முந்தின நாள் இரவிலிருந்தே மாத்திரை போடாமல் வரவேண்டும். போடாவிட்டால் கை ஆடும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் ஆடும் கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்தே பழகியிருந்தார். முன்னைக்கு இப்போது தேவலை என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்கு இதே ஆபரேஷன். ஸ்டியரிங் இல்லாமலே கை திருப்புகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

உள்ளே டாக்டரம்மா விரல்களைத் தட்டிக் காட்டச் சொன்னார். முதலில் கச்சிதமாக இருந்தது. பிறகு தோள் தானாக நெளிந்தது, கழுத்து முறுக்கியது, கால் தரையை உதைத்தது. மருந்து மிஞ்சினால் வருகிற ஆட்டம் அது. டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாத்திரை இல்லாமலே இப்படியென்றால் வைத்த செல்கள் அளவு மீறிச் சுரக்கின்றன, இனி யாருக்கும் இதைச் செய்யக்கூடாது, நாளைக்கு இருப்பதையும் நிறுத்த வேண்டும் என்று போனை எடுத்தார்.

எடைக்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. சொன்னால் மானம் போகும். அதைவிட, செல்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதும் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் டிரைவர் ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"போனை வைங்க மேடம். நான் காலைல மாத்திரை போட்டேன்."

ஒரு மாத்திரைக்கு இவ்வளவு ஆட்டம் வராதே என்றார் டாக்டரம்மா. கூட வந்து மூலையில் நின்றிருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு ஜூஸ்ல கரைச்சுக் குடுத்தேன். இவர் மனசு ஒடஞ்சு போயிடுவார்னு."

அப்படியானால் ஊரெல்லாம் சொன்னதை அவளே நம்பவில்லை. பத்து மாதமாக இருவரும் ஒருவருக்கொருவர் கள்ள எடை போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை மாத்திரையும் இல்லை, ஜூஸும் இல்லை. நடுக்கத்தை அளந்து டாக்டரம்மா குறித்தது ஆபரேஷனுக்கு முன்பிருந்த அதே எண். எடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே டிரைவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று எடைக்காரர் மறைக்காமல் சொன்னார். வந்தது வந்தாயிற்று, தானும் பார்த்துவிடுவதாக டிரைவர் சொன்னார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

எடைக்காரரின் வலது கை பழக்கதோஷத்தில் பாக்கெட்டுக்குள் போனது. மனைவி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெளிய எடுங்க. இனிமே என் எதிர்லயே ஆடட்டும்."