பிரிக்காத பெட்டி

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைச் சுமந்து சுமந்து அந்த மனிதருக்கு முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. சாமான் மூச்சுவிட முடியாதபடி கயிற்றைக் கட்டுவார் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு இறுக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். கயிறு மட்டுமா, ஆளும் அப்படித்தான். யாரையும் லேசில் நம்பமாட்டார். சிரித்துப் பேசினால் உனக்கு என்ன வேண்டும் என்பார். சிரிக்காமல் பேசினால் எதை மறைக்கிறாய் என்பார்.

அந்த இறுக்கி இன்று தன் சொந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரி விடுதியின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். இளைய மகனுக்கு உச்சி மாடியில் இடம் கிடைத்திருந்தது. லிஃப்ட் இருந்தது. ஆனால் அதில் சாமான் ஏற்றக்கூடாதாம்.

"ஆளுக்குத்தான் கால் இருக்கே, சாமானுக்குத்தானே இல்ல? இவங்க ஆளை ஏத்துவாங்களாம், சாமானை ஏத்தமாட்டாங்களாம்" என்று காவலாளியிடம் சண்டைக்குப் போனார். காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தினமும் இதைக் கேட்கிறவர் போலிருக்கிறது.

பின்னால் சின்னவன் சுருட்டிய மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இறுக்கியின் தங்கை. பிள்ளைகளின் அம்மா போய்ச் சேர்ந்தபிறகு அண்ணன் வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவள். கையைவிட வாய் வேகமாக வேலை செய்யும்.

"அண்ணே, மேல போனா சாமியைப் பாத்துடலாம்போல இருக்கே. கட்டினவன் நடுவுல நிறுத்தத் தெரியாம கட்டிட்டான்."

"பேசாம ஏறு. பேசினா மூச்சு வாங்கும்."

"பேசலைன்னா எனக்கு மூச்சே வராது."

பெரியவன் கீழே வண்டியிலேயே இருந்துவிட்டான். வண்டியைத் தனியாக விடக்கூடாது என்று காரணம் சொன்னான். அந்த ஓட்டை வண்டியைத் திருடுகிறவனுக்கு நாம்தான் கூலி கொடுக்கவேண்டும். ஆனாலும் இறுக்கி ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரி வாசலுக்குள் கால் வைக்க அவனுக்கு மனம் வராது என்று அவருக்குத் தெரியும்.

இறுக்கியின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமானை இறக்கியதோடு வேலை முடியாது. பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, காலிப் பெட்டிகளை வண்டியில் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிடவேண்டும். 'அது அப்படியே கிடக்கட்டும், நாங்க மெதுவாப் பிரிச்சுக்கிறோம்' என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு வண்டி சீக்கிரமே மறுபடியும் போகும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துவராமல் போயிருக்கும், அல்லது வேலை போயிருக்கும், அல்லது காரணமே இருக்காது. பிரிக்காத பெட்டி இருக்கிற இடத்தில் மனிதன் தங்கமாட்டான். இதை அவர் முதுகால் படித்திருந்தார். அதனால் மறப்பதற்கு வழியில்லை.

பெரியவன் கதையும் அதுதான் என்பது அவர் எண்ணம். அவனையும் இப்படித்தான் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு ஒரு அவசர லோடு. கட்டில்மேல் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டார். அவன் அந்தப் பெட்டியிலிருந்தே சட்டையை எடுத்துப் போட்டான், அழுக்கையும் அதிலேயே திணித்தான், முதல் பரீட்சை வருவதற்குள் அதே பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏன் என்று கேட்டால் 'பிடிக்கல' என்றான். அதற்குமேல் அடித்துக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அப்பாவின் வண்டியை அவன்தான் ஓட்டுகிறான்.

சின்னவனும் அப்படி வந்து நின்றால்? ஒரு வீட்டுக்கு எத்தனை சுமைதூக்கி வேண்டும்? அதனால்தான் இந்தத் தடவை லோடு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அறையை முழுசாகக் குடிவைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவது என்று வந்திருந்தார்.

அறை என்று பெயர். இரண்டு கட்டில், இரண்டு மேசை, சுவரில் பதித்த இரண்டு அலமாரி. முன்பு இருந்தவன் ஒட்டியிருந்த படத்தின் நாலு மூலையும் சுவரில் அப்படியே இருந்தன, படத்தைக் காணோம். சின்னவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"எந்தக் கட்டில்டா வேணும்?"

"எதுவா இருந்தா என்னப்பா."

"எதுவா இருந்தா என்னவா? ஜன்னல் பக்கத்தை எடு. முந்தி வந்தவனுக்குத்தான் இடம். பிந்தி வந்தவன் நியாயம் பேசுவான், காதுல வாங்காத."

இரும்புக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். "ஐயோ, இடுப்பு" என்றார். சின்னவன் ஓடிவந்து அவர் கையிலிருந்து கட்டிலை வாங்கினான். பிறகு மேசையை நகர்த்தும்போது "முட்டி போச்சு" என்றார். சின்னவன் அதையும் வாங்கினான். ஸ்டூல்மேல் ஏறி ஆணி அடிக்கும்போது தோள்பட்டை. அவர் ஒவ்வொரு தடவை முனகும்போதும் மகன் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். அவர் அதைக் கவனிக்கவில்லை. முனகுவது அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி, வருவதும் தெரியாது போவதும் தெரியாது.

தங்கை பையிலிருந்து திரைச்சீலையை எடுத்து உதறினாள். வெளிர் மஞ்சளில் ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"அத்தை, இது பசங்க இருக்கிற இடம்."

"பசங்கமேல வெயில் அடிக்காதா?"

"அடிக்கும். ஆனா பூ..."

"பூ உன்னைக் கடிக்குமா? மாட்டுடா. ஜன்னலுக்கு முக்காடு போட்டாத்தான் அது வீடு, இல்லைன்னா அது ஆஸ்பத்திரி."

மெத்தை விரித்தார்கள். விரிப்பை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் திணித்து இழுத்ததில் காசைச் சுண்டிப் போட்டால் எகிறும் என்று ஆனது. கால்மிதியடி, மேசை விளக்கு, கண்ணாடி, துணி காயப்போடக் கொடி. புத்தகங்களை இறுக்கி உயரவாரியாக அடுக்கினார். எது எந்தப் பாடம் என்று அவருக்கு என்ன தெரியும், ஆனால் லாரியில் பெரியதுக்குப் பக்கத்தில் பெரியதுதான் நிற்கவேண்டும். சின்னவன் சொன்னதையெல்லாம் செய்தான். "நல்லாருக்காடா?" என்று கேட்டால் "ம்" என்றான். அந்த 'ம்' அவருக்குப் பிடிக்கவில்லை. பெரியவனும் இதே 'ம்'தான் சொன்னான்.

வாசலில் ஒரு நெட்டையன் வந்து நின்றான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பக்கெட். அடுத்த கட்டிலுக்கு உரியவன்.

"வணக்கம் அங்கிள். செம்மையா செட் பண்ணிட்டீங்க."

"உன் சாமான்லாம் எங்க?"

"இதான் அங்கிள்."

"மீதி?"

"மீதியும் இதேதான்."

இறுக்கி அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு தங்கையின் காதில், "ஒண்ணுமில்லாம வர்றவன் ஏதாவதோடதான் போவான்" என்று சொல்லிவிட்டு, லாரிக் கதவுக்குப் போடுகிற பெரிய பூட்டை எடுத்து மகனின் அலமாரியில் மாட்டினார். அது அலமாரிக் கதவைவிடக் கனமாக இருந்தது.

நெட்டையன் பூட்டைப் பார்த்தான். "அங்கிள், சாவி தொலைஞ்சா நாங்க சுவரைத்தான் உடைக்கணும்."

"தொலையாது."

"அப்பா..." என்றான் சின்னவன். காது சிவந்திருந்தது.

"என்னடா அப்பா? அவன் தப்பா நினைக்கமாட்டான். நல்ல பையன்னா பூட்டு அவனை என்ன பண்ணப்போகுது?"

"கரெக்ட் அங்கிள்" என்று நெட்டையன் வெறும் கட்டிலில் உட்கார்ந்தான்.

சாயங்கால வெயில் பூக்கள் வழியாக உள்ளே வந்து தரையெல்லாம் சிவப்பாக விழுந்தபோது வேலை முடிந்திருந்தது. இறுக்கி அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கட்டினார். கயிறுகளைச் சுருட்டினார். கடைசியில் குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த மகனின் துணிப்பெட்டியையும் இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதை எங்கப்பா எடுத்துட்டுப் போறீங்க?"

"காலிதானே. எடத்தை அடைக்கும்."

"லீவுக்கு வர்றப்ப துணியை எதுல கொண்டு வர்றது?"

"லீவு விட்டா சொல்லு, நான் கொண்டாந்து தரேன்."

"நீங்க வீட்டுலேர்ந்து காலிப் பெட்டியைக் கொண்டாந்து தருவீங்க, நான் அதுல துணியை வச்சு வீட்டுக்குக் கொண்டு வரணும்?"

"ஆமா."

நெட்டையன் சிரித்துவிட்டான். உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டு, பக்கெட்டைத் தூக்கியபடி தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போனான். சின்னவன் கதவைச் சாத்தினான்.

"நான் ஓடி வந்துடுவேன்னு பயமா?"

"உங்கண்ணன் வரலையா? பெட்டியும் கையுமா வந்து நிக்கலையா? அன்னிக்கே நான் கூட இருந்து எல்லாத்தையும் பிரிச்சு வச்சிருந்தா..."

"அண்ணன் பெட்டியால வரல."

"பின்ன?"

"உங்களாலதான் வந்தான்."

"டேய்" என்றாள் அத்தை.

"சொல்லிடுறேன் விடு அத்தை. அண்ணனே எங்கிட்ட சொன்னான். தினம் சாயங்காலம் போன் பண்ணுவீங்களாம். சாப்டியான்னு கேப்பீங்களாம். அப்புறம் இடுப்பு, முட்டி, தோள்பட்டை. ஆள் வரல, பீரோவை ஒத்தையா இறக்கினேன், படியில வழுக்கிடுச்சு, நல்லவேளை கம்பியைப் பிடிச்சேன். தினமும் இதேதானாம். அவன் கிளாஸ்ல உக்காந்து, இந்நேரம் எந்த மாடிப்படியில நிக்கிறாரோன்னு யோசிச்சிட்டிருப்பானாம். அப்புறம் என்னத்தைப் படிக்கிறது?"

இறுக்கிக்குக் கோபம் வந்தது. அவருக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். "வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லுவாங்க. வேற யார்கிட்ட சொல்றது, காவலாளிகிட்டயா? அவனை நான் வான்னு சொன்னேனா? ஒரு நாள் சொல்லியிருப்பேனா?"

"வான்னு சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டான்."

இறுக்கி, அடித்து இழுத்து விரித்த விரிப்பின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அது நாலு பக்கமும் கசங்கியது. தங்கையைப் பார்த்தார், அவள் இது உங்களுக்குத் தெரியாதா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எல்லாரையும் சந்தேகப்பட்ட மனிதர் தன் வாயை மட்டும் சந்தேகப்படாமல் இருந்துவிட்டார்.

சின்னவன் குரலை இறக்கினான். "எனக்கு இங்க இருக்கணும்ப்பா. காலையிலேர்ந்து நீங்க முனகுறப்பல்லாம் எனக்கு வண்டியில ஏறித் திரும்பி வந்துடலாம்னு தோணுது. ஆனா இருக்கணும். நீங்க என்ன வேணா பண்ணுங்க, பூட்டு இருக்கட்டும், அத்தையோட பூ இருக்கட்டும். போன்ல மட்டும் அதைச் சொல்லாதீங்க."

"வலிக்கலைன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"வேற எதையாவது பேசுங்கன்னு சொல்றேன்."

தங்கை வந்து அவர் கையிலிருந்த துணிப்பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "கிளம்புங்க அண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நம்மையும் அலமாரியில வச்சுப் பூட்டிடுவீங்க." சின்னவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். இறுக்கி அப்படியெல்லாம் தடவுகிறவர் இல்லை. வாசலில் நின்று "கதவுத் தாழ்ப்பாள் லூசா இருக்கு" என்றார், பிறகு இறங்கினார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம். ஒவ்வொரு படிக்கும் வாய்வரை ஒன்று வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைத் திரும்ப விழுங்கினார். தங்கை பின்னால் வாயைத் திறக்காமல் வந்தாள். அவள் வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை.

வண்டி கிளம்பியது. தங்கை நடுவில், இறுக்கி ஓரத்தில். கொஞ்ச தூரம் போனதும் அவர் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏன்டா அன்னிக்கு திரும்பி வந்த?"

பெரியவன் கியரை மாற்றினான். "பிடிக்கலன்னு சொன்னேனே."

"படிப்பு பிடிக்கலையா?"

"அது பிடிச்சுதான் இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னான். குரலில் குற்றம் சொல்வதாக ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுக்கொண்டே, "நாளைக்கு ஏழாம் மாடி வீடு ஒண்ணு இருக்கு. நீங்க கீழே வண்டிகிட்டயே நில்லுங்க, நான் ஏறிக்கிறேன்" என்றான்.

"சரி" என்றார் இறுக்கி. எப்போதும் முடியாது என்று சண்டை போடுகிறவர்.

அப்போது போன் அடித்தது. சின்னவன்.

"எதுவரைக்கும் போயிருக்கீங்கப்பா?"

"பாதி."

"ம்."

"சாப்டியா?"

"இன்னும் இல்ல. அவன்கூட கீழே போகப்போறேன்."

"அந்த நெட்டையனோடயா?"

"ஆமா."

"போ." அதற்குமேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த இடத்தில் இடுப்பு வந்து காப்பாற்றியிருக்கிறது. போனில் மகன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவனும் அந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தான் போலிருக்கிறது, தானே கேட்டுவிட்டான்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

இறுக்கி வெளியே பார்த்தார். "சிக்னல் விழுந்திருக்கு" என்றார். "எங்களுக்கு முன்னால ஒரு தண்ணி லாரி நிக்குது. அதுக்கு முன்னால ஒரு காரு. காருக்காரன் ஏதோ தின்னுக்கிட்டிருக்கான்."

"என்ன திங்கிறான்?" என்று அந்தப் பக்கம் சின்னவன் கேட்டான்.

"அது தெரியல. எட்டிப் பாத்தாலும் தெரியல. பச்சை விழுந்துடுச்சு, வச்சிடுறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சீட்டில் சாய்ந்தார். ஏறி இறங்கியது, அடித்தது, கட்டியது எல்லாம் சேர்ந்து இப்போதுதான் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்கும் கூப்பிடுவான்" என்றார் தங்கையிடம். "பேசறதுக்கு ஏதாவது யோசிச்சு வை."