தூர்டிசுக்கு மட்டும் இறக்கம்

1968 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை முதல், ஹெல்லெடால் பள்ளத்தாக்கில் தூர்டிசுக்கு மட்டும் எல்லா வழியும் இறக்கமாகிவிட்டது. வீட்டிலிருந்து கடைக்குப் போனாலும் இறக்கம், கடையிலிருந்து வீடு திரும்பினாலும் இறக்கம். சறுக்குப் பலகைகளில் ஏறி நின்றால் போதும், மலை உச்சியை நோக்கிக்கூட வழுக்கிக்கொண்டே போனாள். அளவெடுக்க வந்த அரசாங்க ஆட்கள் இருவரும் மலை சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துப் போனார்கள்.

அந்த வழுக்கலில் அவளுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. காதில் காற்று, காலடியில் பனி கிசுகிசுக்கும் சத்தம், அவ்வளவுதான் உலகம். உடம்பென்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனால் ஞாயிறுதோறும் அவளும் கணவன் ஹால்ஸ்டைனும் சேர்ந்து மலையேறி, உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் பங்குபோட்டுத் தின்பது வழக்கம். இப்போது அவள் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். அவன் வர இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தை அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் கடுங்குளிரிலும் ஈரப்பனிக்கான ஒட்டுமெழுகைப் பலகையடியில் பூசத் தொடங்கினாள். பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு இழுக்க, தனக்கு மட்டுமான இறக்கத்தில் அடியடியாக எடுத்து வைத்து அவனோடு நடந்தாள். இறக்கம் தீர்ந்துவிட்டது என்றே ஊரும் ஹால்ஸ்டைனும் நினைத்துக்கொண்டார்கள். அவன் மெழுகு பூசித் தர வந்தால் சண்டைக்கு நின்றாள். அந்த ஊரில் பனிக்கேற்ற மெழுகு பூசத் தெரியாததைவிட மானக்கேடு வேறில்லை.

"என்ன தூர்டிஸ், அடியில கஞ்சியா தடவியிருக்க?" என்று கடைக்கார ஜெர்முண்ட் வாரம் தவறாமல் கேட்பான்.

"ஆமா, மிச்சமிருக்கு. உனக்கும் வேணுமா?"

முப்பத்தொரு குளிர்காலம் இப்படியே போயிற்று. அடுத்த ஆண்டு ஹால்ஸ்டைனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலியைத் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டான். பலகைகளைக் கொட்டகையில் மாட்டிவிட்டு, சன்னலோரம் மலையைப் பார்த்தபடியே கிடந்தான். சாப்பாடும் இறங்கவில்லை. தூர்டிஸ் தன் பலகைகளைச் சுரண்டிச் சுத்தமாக்கி, சரியான மெழுகைத் தேய்த்தாள்.

"பின்னால ஏறி நில்லு. என் இடுப்பப் புடிச்சுக்க."

"பொண்டாட்டி இழுத்துட்டுப் போயா நான் உச்சிக்குப் போகணும்? ஊரு சிரிக்கும்."

"முப்பது வருஷமா என்னப் பாத்துச் சிரிச்ச ஊருதானே. சிரிக்கட்டும்."

ஏறி நின்றான். பலகைகள் மலைமேல் வழுக்கின. பிர்ச் மரங்கள் பின்னால் ஓட, எழுபது வயது ஹால்ஸ்டைன் வாய்விட்டுக் கூவினான். உச்சியில் இறங்கி, வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"இத்தன வருஷமும் இது உனக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அந்தப் பிசினப் பூசிக்கிட்டு எங்கூட நடந்த?"

"முன்னாடியே மேல வந்து நான் யார்கூடப் பேசறது?"

அவன் அழுதான். அவள் அழ விட்டாள்.

மறு ஞாயிறும் போனார்கள். பனி அள்ளும் வண்டிக்காரர் மேடேறிச் சறுக்கி வந்த இருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டு, கையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.