கைநாட்டுக்கு முன் ஒரு கேள்வி

குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறி நெய்வேலியில் இறங்குவதற்குள் நாற்பது விடைத்தாள்களைத் திருத்திவிடுவார் கணக்கு ஆசிரியர் சிவப்பிரகாசம். மூட்டையைப் பிரிக்காமலே எடை சொல்லும் வியாபாரியைப் போல அப்படியொரு கைவேகம். பஸ் குலுங்கினால் சிவப்பு இன்ட்டு பக்கத்துக் கணக்கின்மேலும் பாயும். தாளின் தலையில் மதிப்பெண், அதன்கீழ் ஒரு கோடு. பெற்றோர் கையெழுத்தோடு தாள் திரும்பி வந்தால் விஷயம் தீர்ந்தது.

ஏழாம் வகுப்புத் தனக்கொடியின் தாள் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா சாமியம்மாளே மகளையும் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்ட் முடிந்த கையோடு, சேலையில் கரித்தூளோடு வந்திருந்தாள்.

இருபத்தெட்டு மார்க்கைப் பாஸ் மார்க்கான முப்பத்தைந்தாக்கப் பேரம் பேச வந்திருக்கிறாள் என்று ஆசிரியர் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“கைநாட்டு வைக்க இவ்ளோ தூரம் வரணுமாம்மா?”

“வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுங்க. காண்ட்ராக்ட்காரன் நீட்டுன காயிதத்துல கேக்காம நாட்டிட்டு, ஒரு தடவ வேலையே போச்சு. அதுலேருந்து யாரு குடுத்தாலும் படிச்சுக் காட்டச் சொல்லித்தான் நாட்டுறது. இதுல இன்னா எழுதிருக்கீங்க?”

“இருபத்தெட்டு மார்க்.”

“அத இவளே சொல்லிட்டா. இவ்ளோ செவப்பு மை கெடக்குதே, அதெல்லாம் இன்னா சொல்லுது?”

“தப்புன்னு சொல்லுது.”

“எதனால தப்பாச்சுன்னு?”

ஆசிரியர் தாளைப் புரட்டினார். ஏழு இன்ட்டுகள். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

“அரப் பரீட்சையிலயும் பெயிலானா அறுப்புக்கு இட்டுகினு பூடுவேன்னு இவங்கப்பா சொல்லிகினு இருக்காரு. எங்க தப்புன்னு தெரிஞ்சாத்தானங்க இவ மாத்திக்க முடியும்?”

அப்போதுதான் அந்தத் தாளை ஆசிரியர் முதன்முறையாகப் படித்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டாம்! அடுத்த கணக்கு, அதற்கடுத்தது என்று பார்க்கப் பார்க்க அவருக்கே சுவாரசியம் கூடியது. ஏழும் தப்பு. ஆனால் ஏழும் ஒரே தப்பு. மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டியிருந்தாள்.

“ஏம்மா இப்படிப் போட்டே?”

தனக்கொடி அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள். “பெருக்கலுக்கு மேலயும் மேலயும், கீழயும் கீழயும்னு சொன்னீங்க சார். கூட்டலுக்கும் அதான்னு நெனச்சிகினேன்.”

நியாயமான நினைப்புதான்! ஆசிரியர் பேனாவைத் திறந்து தாளில் எழுதி, உரக்கப் படித்தார்: “பெருக்கலின் வழியைக் கூட்டலுக்கும் எடுத்துக்கொண்டாய். முதலில் கீழ் எண்களைச் சமமாக்கு. பிறகு மேல் எண்களை மட்டும் கூட்டு. முதல் கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்டு.”

சமமாக்குவது எப்படி என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். மேசை ஓரத்திலேயே போட்டாள் தனக்கொடி. ஆறில் ஐந்து. சரி!

சாமியம்மாள் கட்டைவிரலை மையில் ஒற்றினாள். “இப்ப நாட்டலாங்க.”

அரையாண்டில் தனக்கொடி ஐம்பத்தேழு. அறுப்புக்கு அவள் அப்பா மட்டும் போனார். சிவப்பிரகாசமோ பஸ்ஸில் தாள் திருத்துவதையே விட்டுவிட்டார். சக ஆசிரியர் சோமசுந்தரத்துக்கு அது பொறுக்கவில்லை.

“மார்க்கைப் போட்டுத் தள்ளிட்டுப் போவியா, ஒவ்வொரு தாளுக்கும் லெட்டர் எழுதிக்கிட்டு! இதுக்குத் தனியா அலவன்ஸ் உண்டாய்யா?”

சிவப்பிரகாசம் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “மார்க் போடறதோட நம்ம வேலை முடியலைய்யா. எங்க தப்பு, ஏன் தப்பு, அடுத்து என்ன செய்யணும்னு விளங்குற மாதிரி சொல்லி, பிள்ளையைத் திரும்பச் செய்ய வைக்கணும். அதைச் சொல்லாம இத்தனை வருஷமா நான் பெயில் போட்ட பிள்ளைங்கள்ல எத்தனை பேரு, ஒரே ஒரு தப்புக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனாங்களோ!”