அரசியல் சட்டம் வீதி உலா போன கதை

பரசுராமனுக்கு அன்று காலை ஒன்பது மணிதான் எமன். குடியரசு தின ஊர்வலம் ஒன்பதுக்குள் பள்ளி மைதானம் சேர்ந்தால், தற்காலிக வரலாற்று ஆசிரியரான அவருக்கு வேலை நிரந்தரமாகும். சிறப்பு விருந்தினரைக் காக்க வைத்தாலோ வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை அம்ருதவல்லி சொல்லிவிட்டார்.

மொத்தம் நான்கு குட்டியானை வண்டிகள். முதலாவதில் 1950, அரசியல் சட்டப் புத்தகம். அடுத்ததில் 1952, முதல் பொதுத்தேர்தலின் வாக்குப்பெட்டி. மூன்றாவதில் 1956, மொழிவாரி மாநிலங்களாக வேஷம் கட்டிய பிள்ளைகள். கடைசியில் 1969, 'தமிழ்நாடு' என்ற பெயர்ப்பலகை.

சின்ன காஞ்சிபுரத்தில் கிளம்பும் நேரம் பார்த்து முதல் வண்டி மக்கர் செய்தது. புத்தகத்தைத் தூக்கி இரண்டாவது வண்டியில் வைத்திருக்கலாம். அந்தப் புத்தி யாருக்கு வந்தது? பரசுராமன் ஓடிப்போய்ப் பாச்சாவைக் கூட்டி வந்தார். கோயிலில் பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுக்கு அவர்தான் தலைவர். ஒரு புத்தகத்துக்கு எட்டுப் பேரா என்று என்னைக் கேட்காதீர்கள். மூங்கில் கம்போடு எட்டுப் பேர் வந்தார்கள், பலகையைக் கட்டினார்கள், புத்தகத்தை வைத்துத் தூக்கினார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. அவர்களுக்குத் தெரிந்தது ஒரே நடை. நாலடி முன்னே, ஓரடி பின்னே, நடுவில் ஒரு குலுக்கல். அந்த நடையைப் பார்த்ததும் வீட்டுக்கு வீடு கற்பூரத் தட்டோடு ஆள் வந்துவிட்டது. தட்டு வந்தால் கம்புக்கு அடியில் தாங்குகட்டையைக் கொடுத்து நின்றாக வேண்டும், அது வழக்கம். தறிக்காரர் ஒருவர் அரசியல் சட்டத்துக்கு ஜரிகைத் துண்டு போர்த்தினார். இன்னொருவர் வாக்குப்பெட்டியை உண்டியல் என்று நினைத்துக் காசு போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் கேரளா தூங்கிவிட்டது. ஆந்திரா ஒன்றுக்கு வருகிறது என்று அழுதது.

வண்டிகளையாவது முன்னால் விடலாம் என்று பரசுராமன் கெஞ்சிப் பார்த்தார். பாச்சா மசியவில்லை.

"பல்லக்கை எதுவும் முந்தப்படாது ஸார். அம்பதுக்கு முன்னால அம்பத்திரண்டு எப்படிப் போகும்?"

வரலாற்று ஆசிரியருக்கே அது சரியாகத்தான் பட்டது. கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி எட்டே முக்கால். இனி ஒரே வழி, அவர் வீடு இருக்கும் காலனித் தெரு வழியாகக் குறுக்கே போவது. அங்கே யாரும் தட்டு எடுத்து வர மாட்டார்கள். எடுத்துப் பழக்கமே இல்லை. ஆனால் தெருமுனையில் எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். பெருமாள் ஒரு நாளும் அந்தத் தெருவுக்குள் போனதில்லை என்று பாச்சா தயங்கினார்.

"இது பெருமாள் இல்லீங்க, சட்டம்," என்றார் பரசுராமன். "இது போவாத தெருன்னு ஒண்ணு இருக்கக் கூடாதுங்க."

 பாச்சா கம்பைத் தோள் மாற்றிக்கொண்டு முதல் ஆளாகத் திரும்பினார்.

எட்டு ஐம்பத்தைந்து. ஓட்டமும் நடையுமாகப் போனால் பிடித்துவிடலாம். ஆறாவது வீட்டிலிருந்து பரசுராமனின் அம்மா செல்லியம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பல்லக்கைப் பார்த்தாள். விழுந்தடித்து உள்ளே ஓடி, சோற்றுத் தட்டில் ஒரு சூடத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டு வந்தாள்.

"நம்ம தெருவுக்கும் வந்துக்கினு இருக்குதாப்பா?"

சட்டைப்பையில் போன் அலறியது. தலைமை ஆசிரியைதான். பரசுராமன் அதை அணைத்தார். நிற்காதீர்கள், நிற்காதீர்கள் என்று காலையிலிருந்து கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் கட்டிய குரலிலேயே சொன்னார்.

"நிறுத்துங்க. தாங்குகட்டையைக் குடுங்க."