நாலாவது பெண்ணின் வரி

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த ஐந்து பேரும் சோபாக் கடையின் மாடியில் பாடினார்கள். கடைக்கு அன்று விடுமுறை. பாலித்தீன் உறை பிரிக்காத மெத்தைகள் சுவரை மறைத்து அடுக்கியிருக்கும். அங்கே கை தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே அமுங்கிப்போகும். "இங்க நல்லா வந்தா எங்கயும் நல்லா வரும். எதிரொலி வந்து நம்ம மானத்தைக் காப்பாத்தாது" என்பார் கடைக்காரர். குழுவில் நடுக்குரல் அவருடையது.

அடிக்குரல் பாடியவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவரை எல்லோரும் 'கிணறு' என்றுதான் கூப்பிட்டார்கள். குழுவின் தலைவி கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். மற்ற இருவர் அக்காவும் தங்கையும். அக்கா கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொல்லும் குரல் அவளுடையது.

அவர்கள் பாடியதில் பாதி மாட்ரிகல்கள். நானூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் எழுதப்பட்ட, வாத்தியம் இல்லாத பாட்டுகள். ஒவ்வொரு குரலும் தன் வழியில் போய், எதிர்பாராத இடத்தில் மற்றதோடு சேரும். பெரும்பாலும் காதல், பெருமூச்சு, சாவு. "ஒருத்தனுக்குக் காதல் வந்தா அஞ்சு பேர் சேர்ந்து சாகணுமா?" என்று கிணறு அலுத்துக்கொள்வார். மீதிப் பாதி, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து தலைவி தேடிப் பிடித்து வரும் பாட்டுகள்.

அப்படி ஒரு ஞாயிறு, ஒரு தீவுப் பெண்களின் பாட்டைக் கொண்டுவந்தார். ஆராய்ச்சியாளர் ஒருவர் பதிவு செய்தது. மூன்று பெண்கள் மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மூவரும் நிறுத்துகிறார்கள். ஒரு வரி பாடி முடிக்கிற நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, யாரோ முடித்த இடத்திலிருந்து எடுப்பதுபோல மறுபடி தொடர்கிறார்கள்.

"நாலாவது ஒரு பெண் இருந்திருக்கா. மைக்குக்குத் தள்ளி நின்னிருப்பா, குரல் விழல" என்றார் தலைவி. "சபையில இவ்வளவு நேரம் சும்மா நின்னா, மறந்துட்டோம்னு நினைப்பாங்க. அந்த வரியை நானே எழுதிட்டேன்." வரியைத் தங்கையிடம் கொடுத்தார்.

தங்கை பாடினாள். அவ்வளவு நன்றாக அவள் பாடி யாரும் கேட்டதில்லை. முடிந்ததும் அவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்கூட யாரு பாடினது?"

யாரும் பாடவில்லை.

"சும்மா விளையாடாதீங்க. காதுக்குப் பக்கத்துல, அதே வரி. எனக்குக் கொஞ்சம் முன்னாடியே பாடினாங்க."

"எதிரொலியா இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்த கடைக்காரர் மெத்தைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தங்கை அந்த வரியைப் பாடுவது கேட்டது. "சீக்கிரம் வாடி, உன் மச்சான் வேலைக்குப் போகணும்" என்று கத்தினாள். பாட்டு நிற்கவில்லை. வாசல் கதவு திறந்தது. பால் பாக்கெட்டோடு தங்கை உள்ளே வந்தாள்.

இரண்டு பேரும் குளியலறைக் கதவைப் பார்த்தார்கள். பாட்டு வரியின் கடைசி வரை போய் முடிந்தது. அக்கா கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்திருந்தது.

"இப்ப நம்புறியா?" என்றாள் தங்கை. அவள் குரல் கரகரத்தது.

அதன்பிறகு அந்தக் கரகரப்பு போகவே இல்லை. மாட்ரிகலின் மேல் சுரத்துக்கு வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பளிங்கு மாதிரி இருக்கு. ஓய்வு எடுங்க" என்றார். ஆனால் தீவுப் பாட்டின் வரியை மட்டும் அவளால் பாட முடிந்தது. அது வரும்போது குரல் முழுசாக, ஈரமாக வந்தது.

வேலையிடத்தில்தான் விஷயம் முற்றியது. தங்கை மைக்கைத் திறந்து, புறப்படப்போகும் வண்டியின் ஊரைச் சொல்லப் போனாள். வந்தது அந்த வரி. நிலையம் முழுக்க ஒலிபெருக்கிகளில் அது போய் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் விசாரணை ஜன்னலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களே, என்ன விஷயம்?" அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் ஒரு ராணுவ வீரர். எல்லோரும் அதையே கேட்டார்கள். "ரொம்பத் தெரிஞ்ச குரல்" என்றாள் அந்தப் பெண்.

மேலதிகாரி தங்கையை வீட்டுக்கு அனுப்பினார். அக்கா தலைவியிடம் எண் வாங்கி ஆராய்ச்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மைக்குல விழாம இல்லீங்க" என்றார் அவர். "அந்தப் பாட்டு நாலு பேருக்கு. மூணு பேர்தான் பாடுவாங்க. மிச்ச இடம், கடல்ல போய்த் திரும்பாதவங்களுக்கு. வந்து பாடிட்டுப் போகட்டும்னு விட்டுவைப்பாங்க."

"நாங்க அதை நிரப்பிட்டோம்."



"பாடினவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் ஆராய்ச்சியாளர்.

அக்கா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "நிரப்பினா என்ன ஆகும்?"

"தெரியாதுங்க. அங்க யாரும் நிரப்பினதில்ல."

தலைவியிடம் சொன்னபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கச்சேரிக்கு நாலு நாள்தான் இருந்தது. "நான் வேதியியல் படிச்சவ. தொண்டை கெட்டா மருந்து சாப்பிடணும், பேய்க்கதை சொல்லக் கூடாது" என்றார். அதைவிட, தங்கையே ஒப்புக்கொள்ளவில்லை.

"என் குரல் போச்சுக்கா. வேலை போகப்போகுது. இந்த ஒண்ணுதான் என்னால பாட முடியுது. அதையும் பிடுங்காத."

"அது நீ பாடுறதில்லடி."

"யார் பாடினா என்ன? என் வாயிலருந்துதானே வருது" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைச் சத்தமும் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அக்கா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது செய்ததுபோல முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்போதே மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டாள்.

கச்சேரி நூலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மாட்ரிகல்களில் தங்கை வாயை மட்டும் அசைத்தாள். மற்றவர்கள் சமாளித்தார்கள். பிறகு தீவுப் பாட்டு. கிணறு ஒரே சுரத்தில் அடித்தளம் போட, மூன்று குரல்கள் மாறி மாறி ஏறின. அந்த இடம் வந்தது. தங்கை மூச்சை இழுத்தாள். அக்கா கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

தலைவியின் விரல் அந்தரத்தில் நின்றது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை திமிறினாள். அவள் உதடுகள் அக்காவின் உள்ளங்கையில் சூடாக அசைந்தன. பிறகு அடங்கின.

அப்போது அந்த வரி கேட்டது.

தங்கைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு பேருக்கு நடுவே இருந்த வெற்றிடத்திலிருந்து அது வந்தது. தலைவி எழுதிய மெட்டே இல்லை. அதைவிட எளிமையானது, கொஞ்சம் பிசிறடித்தது, வெகுநாள் பேசாமல் இருந்தவர் முதல் வார்த்தை பேசுவதுபோல. முன்வரிசையில் ஒருவர் மெல்ல எழுந்து நின்றார். வேறு இரண்டு பேரும் எழுந்தார்கள். வரி முடிந்தது. கிணற்றின் குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பாட்டை முடித்தார்கள்.

கைதட்டல் வரத் தாமதமானது. அக்கா கையை எடுத்தாள்.

"ஐயோ, குடிக்கத் தண்ணி" என்றாள் தங்கை. தன் சொந்தக் குரலில். சொன்னதும் அதிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

கடைசி மாட்ரிகலில் மேல் சுரம் அவளிடமிருந்து சுத்தமாக வந்தது. மேடையின் பின்னால் தலைவி நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த மெட்டு என்னோடதைவிட நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அவர்கள் அந்தப் பாட்டை இன்றும் பாடுகிறார்கள், இடத்தை விட்டுவிட்டு. பல ஊர்களில் அங்கே ஒன்றும் கேட்பதில்லை. சில ஊர்களில் கேட்கிறது. அதைப்பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை.

தங்கை வேலைக்குத் திரும்பிவிட்டாள். குரலில் குறையில்லை. ஆனால் அக்கா ஒன்றைக் கவனித்திருக்கிறாள். எங்கே நின்றாலும் தங்கை தன் இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டுத்தான் நிற்கிறாள். அது அவளுக்கே தெரியுமா என்று அக்கா கேட்டதில்லை.

போன வாரம் இருவரும் மழையில் பேருந்துக்கு வரிசையில் நின்றார்கள். குடை கொண்டுவராத ஒருவர் நனையாமலிருக்க அந்த இடத்துக்குள் ஒதுங்கப் பார்த்தார்.

"அங்க வேணாம் சார்" என்றாள் தங்கை மெதுவாக. "இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, "மன்னிச்சுக்கங்க" என்றார். அதைத் தங்கையைப் பார்த்து அவர் சொல்லவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றார்.