மீன் தலை யாருக்கு

என் மாமியார் ஃபோர்டூனா ஒன்பது வருடங்களாக என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவர் மதத்துக்கு மாறினேன், அவர் மொழியைக் கற்றேன், வியன்னாவில் அவர் மகன் நிசிமோடு சேர்ந்து இந்த உணவகத்தை நடத்துகிறேன். என்ன செய்து என்ன, அவருக்கு நான் உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரிந்த ஆஸ்திரியாக்காரி.

யூதப் புத்தாண்டுக்கு இஸ்ரேலின் நெதன்யாவிலிருந்து வந்தார். அன்று மாலை நடுமேசையை அவருக்காக ஒதுக்கினோம். லிபியாவிலிருந்து வந்த யூதர்களான அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம்: புத்தாண்டு மீனின் தலையை வீட்டுக்கு மூத்தவள் எடுத்து, சமைத்தவர் தட்டில் வைப்பாள். அது ஒரே ஒருமுறை என் தட்டுக்கு வர வேண்டும். அதற்காகத்தான் காலையிலிருந்து பூண்டு இடித்தேன்.

"நீ செஞ்சதுன்னா தொடமாட்டாங்க," என்றான் நிசிம். "முதல்ல சாப்பிடட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

நம்பினேன், மடச்சி.

மாமியார் ரொட்டியைப் பிய்த்து மீனின் சிவப்புக் குழம்பில் தோய்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா கைமணம்டா இது. திரிபோலில சின்னப் புள்ளையா சாப்பிட்டது. யாரு செஞ்சா?"

நிசிம் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"நான்தாம்மா."

தலை அவன் தட்டுக்குப் போனது. "வாலா இல்லாம தலையா இருடா, ராசா," என்று வாழ்த்தினார். மிஞ்சிய வாலை என் தட்டில் தள்ளினார். "இவளுக்கும் கத்துக்குடேன்."

"அவளுக்கு வராதும்மா," என்று சிரித்தபடி கரண்டியால் மீனின் கன்னத்தைப் பிரித்துத் தின்றான். அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவன் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது.

பிறகு பக்கத்து மேசையில் பாராட்டு வாங்கப் போய்விட்டான். கிழவிக்கு எழுந்திருக்கக் கை வேண்டியிருந்தது, நான் நீட்டினேன். பிடித்தவர் விடவில்லை. என் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். இடித்த பூண்டு எத்தனை சோப்புக்கும் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஐம்பது வருடம் அதே மீனைச் சமைத்தவருக்குத் தெரியாதா? முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவு," என்றார் மெதுவாக. "என் மகன்தான் செஞ்சான். அப்படியே இருக்கட்டும்."

அவருக்குக் குளிர்கோட்டு மாட்டிவிட்டு அனுப்பினேன். திரும்பி வந்து, வாலை நின்றபடியே தின்றேன். உப்பும் காரமும் சரியாகத்தான் இருந்தன.